சகாயத்திடம் சொல்லாமல் விட்ட பாதி

ஒரு தகப்பனை, அவன் பெற்ற பிள்ளையின் முகம் பார்க்கவிடாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்தவள் நான்.

அடித்து நிறுத்தவில்லை. பூட்டி வைக்கவில்லை. என் கையால் மீன் குழம்பு வைத்து, வயிறாரச் சோறு போட்டு, 'தம்பி, தம்பி' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே செய்தேன்... அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் சபையில் பாதிரியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லும் வழக்கம் கிடையாது. அந்தத் தகப்பன் சகாயமோ கத்தோலிக்கன். அதை வைத்து என்னைச் சீண்டுவான். "எங்களுக்காவது கோயில்ல ஒரு கூண்டு இருக்குக்கா. முட்டி போட்டு இறக்கி வச்சிட்டு வாரோம். நீங்கள்லாம் எங்க கொண்டு போயி இறக்குவீங்க?" என்பான். "எங்களுக்குப் பாவம் கம்மி தம்பி" என்று நானும் பதிலுக்குச் சிரிப்பேன்.

சிரித்தேனே! அந்த நேரத்திலும் சிரித்தேனே!

இப்போது இறக்கி வைக்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை. நீங்கள் யாரோ, எந்த ஊரோ... கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்தவள். பாளையங்கோட்டையில் பிறந்து, கல்யாணம் முடித்து, எழுபதுகளில் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வந்து இறங்கியவள். என் இங்கிலீஷ், டெலிவிஷனும் பஸ் ஸ்டாப்பும் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவியும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தது. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை. யாராவது ஒரு விஷயத்தைப் புதுவிதமாகச் சொல்லிவிட்டால் போதும், அதை நாலு நாளைக்கு வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். செத்துப்போன புருஷனைப் பற்றி அந்தக் கிழவி ஒருநாள், "அந்த ஆள் இருந்தவரைக்கும் வீடு சின்னதா இருந்துச்சு" என்றாள். வெறுப்பில் சொன்னாளா, ஏக்கத்தில் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மறக்க முடிகிறதா?

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் தனியாகக் கம்பெனி ஆரம்பித்தார். ஊரிலிருந்து படித்த பையன்களை விசா போட்டு வரவழைப்பார். பெரிய கம்பெனிகளில் கொண்டுபோய் உட்கார வைப்பார். அந்தக் கம்பெனிகள் ஒவ்வொரு தலைக்கும் மணிக்கணக்கில் இவருக்குக் கொடுக்கும். இவர் அதிலிருந்து பையன்களுக்குச் சம்பளம் கொடுப்பார்.

பையன்கள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அபார்ட்மெண்டில், அறைக்கு இரண்டு பேராகத் தரையில் மெத்தை போட்டுக் கிடப்பார்கள். சனிக்கிழமை ஆனால் என் வீட்டில் சாப்பாடு. புதிதாக வந்து இறங்குகிறவனுக்கு முதல் சாப்பாடும் என் கையால்தான். அந்தச் சாப்பாட்டோடு சேர்த்து நான் ஒரு வகுப்பும் எடுப்பேன்.

குளிக்கும்போது திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் விட வேண்டும், இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரன் குடை பிடிப்பான். பால்கனிக் கம்பியில் லுங்கி காயப்போடக் கூடாது. பஸ் முழுக்கக் காலியாக இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்காரக் கூடாது. பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வேன்: "இந்த ஊர்ல யார்கிட்டயும் சம்பளம் கேக்காதீங்க. உங்க சம்பளத்தையும் சொல்லாதீங்க. ரொம்ப அசிங்கமா நினைப்பாங்க."

அதை எங்கே கற்றேன் தெரியுமா? வந்த புதிதில் எங்கள் தபால்காரரிடம். நம் ஊரில் ரயிலில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் எந்த ஊர், எத்தனை பிள்ளை, சம்பளம் என்ன வருகிறது என்று கேட்பதுதானே வழக்கம்? அந்த மனிதர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். வெயிலுக்கு வருத்தப்பட்டேன். பாசத்தோடு, "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டேன். முகம் வெந்த நண்டு மாதிரி ஆகிவிட்டது அவருக்கு! கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இந்த நாட்டுல ஒருத்தனோட உள்சட்டை என்ன கலருன்னுகூடக் கேளு, சம்பளத்தக் கேக்காத" என்றாள்.

ஆக, முதலில் நான் அதைக் கள்ளமில்லாமல்தான் சொன்னேன். சத்தியமாக! என் வெட்கம் அந்தப் பிள்ளைகளுக்கு வரக்கூடாதே என்றுதான்.

ஒருநாள் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், பையன்கள் போன பிறகு அடுப்படிக்கு வந்தார்.

"கிரேஸ், அந்தக் கடைசிப் பாடம் இருக்குல்ல, அதை ஒருத்தன் விடாம எல்லாருக்கும் சொல்லிடு."

"மேனர்ஸ்தானே, சொல்லுதேன்."

"மேனர்ஸ்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா? புரிந்த பிறகும் சொன்னேன். இன்னும் இனிப்பாகச் சொன்னேன்...

புரிந்தது இதுதான். நியூவார்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அங்கே எங்கள் பையன்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே பச்சை எழுத்துத் திரையைப் பார்த்து, ஒரே வேலை செய்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி வாங்குவதில் பாதியை விடக் கொஞ்சம் கூடுதல்தான் எங்கள் பையன் கையில் வந்தது. ஏன்? வேலை மட்டமா? இல்லை. சில நேரம் உள்ளூர்க்காரர்கள் இவன்களிடம்தான் வந்து சந்தேகம் கேட்பார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போகலாம், எதிர் மாநிலத்துக்கும் போகலாம். இவன் போக முடியாது. விசா எங்கள் கம்பெனி பெயரில். கிரீன் கார்டுக்குப் போட்ட பேப்பரோ இன்னும் மோசம். 'இந்த ஊரில், இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை' என்று காட்டித்தான் அதை வாங்க முடியும். ஊர் மாறினால் அந்தப் பேப்பர் வெறும் காகிதம். வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்க வேண்டும்.

என் வீட்டுக்காரரை அரக்கன் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் இப்படி இன்னொருவரிடம் கிடந்துதான் வெளியே வந்தார். "எல்லாரும் இந்த வாசல் வழியாக் குனிஞ்சுதான் வரணும் கிரேஸ்" என்பார். பாவம், அதை அவர் நம்பவும் செய்தார்.

சகாயம் எண்பத்து மூன்றின் கடைசியில் வந்தான். தூத்துக்குடிக்காரன். எனக்கென்று ஒரு டப்பா நிறைய மக்ரூன் கொண்டுவந்தான். பெட்டியில் நசுங்கி அத்தனையும் தூளாகிவிட்டது. டப்பாவை நீட்டி, "ஸ்பூன் இருக்காக்கா? ஊருப் பலகாரம், இங்க வந்ததும் ஸ்டைலு மாறிட்டு" என்றான். அந்த நிமிஷமே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அவன் கிளம்பும்போது மனைவி செலினுக்கு நிறைமாதம். விசா வந்துவிட்டது, கம்பெனி தேதி சொல்லிவிட்டது... ஏறிவிட்டான். இங்கே வந்து கொஞ்ச நாளில் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. ஆக்னஸ் என்று பெயர். என் வீட்டு போனில்தான் பேசினான். லைன் இரைந்ததில் பாதி கேட்கவில்லை. "யாரு மாதிரி இருக்கு? யாரு மாதிரி?" என்று கத்திக் கத்திக் கேட்டான். பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே ஒரு கனவு. "ஒத்தப் பெட்ரூம் வீடு போதும்க்கா. வாடகைக்கு எட்டுற மாதிரி சம்பளம் வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் கூப்பிட்டுருவேன்." அறைக்கு இரண்டு பேர் படுக்கிற இடத்துக்குக் குடும்பத்தைக் கொண்டுவர முடியாதே! மெட்ராஸில் விசா கொடுக்கிற இடத்திலும், உன் புருஷனால் உன்னை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பார்கள். வாங்குகிற சம்பளத்தில் முடியாது; லீவில் ஊருக்குப் போய்வர டிக்கெட் காசும் மிஞ்சாது. அவ்வளவுதான் கணக்கு.

நியூவார்க்கில் அவன் பக்கத்து நாற்காலியில் கேரல் என்று ஒருத்தி. நல்ல மனசுக்காரி. ஒரு சனிக்கிழமை சகாயம் பெருமையாக வந்து சொன்னான்:

"அக்கா, இன்னைக்குப் பரீட்சையில பாஸாயிட்டேன்!"

"என்ன பரீட்சை?"

"கேரல் சாப்பாட்டு நேரத்துல என் சம்பளத்தக் கேட்டா. அவ சம்பளத்தையும் சொல்ல வந்தா. நான் சிரிச்சிட்டு, காப்பி எடுக்கப் போறேன்னு எந்திச்சிட்டேம்லா. அவளே இந்த ஊருக்காரி, அவளுக்கே மேனர்ஸ் தெரியல!"

மற்றப் பையன்கள் கை தட்டினார்கள். நான் அவன் தட்டில் இன்னொரு துண்டு வறுத்த மீனை வைத்தேன்.

வைத்தேன்! எப்படித்தான் மனசு வந்தது? சொல்லுங்கள்...

கேரல் அதோடு விடவில்லை. அவள் தங்கையின் புருஷன் கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். அவரிடம் இவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய எண்பத்தைந்து வசந்தத்தில், அவர் இவனை போனில் கூப்பிட்டுப் பேசி, வேலைக்கு வா என்றே சொல்லிவிட்டார். விஷயம் இவன் வாயிலிருந்து வருவதற்கு முன்பே, நியூவார்க் மேனேஜர் வழியாக என் வீட்டுக்காரர் காதுக்கு வந்துவிட்டது.

அந்த வாரம் எங்கள் வக்கீல் சாப்பிட வந்தார். வெள்ளைக்காரர். என் கோழிக் குழம்பைக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழியச் சாப்பிடுவார், வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டார். என் வீட்டுக்காரர் கேட்டார், சகாயம் போனால் என்ன ஆகும் என்று. நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். வக்கீல் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"தாராளமாகப் போகலாம். புதுக் கம்பெனி அவனுக்குப் புதிதாக விசா போடும். குடும்பத்தையும் அதிலேயே கூப்பிடலாம். கிரீன் கார்டு வரிசையில் மட்டும் பின்னால் போவான். நாட்டை விட்டு யாரும் அனுப்பமாட்டார்கள். நீங்கள் தடுக்க முடியாது, மிஸ்டர் சாமுவேல்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அவனை நம்பித்தான் நியூவார்க்காரன் காண்ட்ராக்டை நீட்டிக்கிறதா இருக்கான். இவன் போனா எல்லாம் போச்சு. வீட்டுக் கடன் இப்பதானே ஆரம்பிச்சிருக்கு..." என்றார்.

நன்றாகக் கேளுங்கள். 'நீ அவனிடம் பேசு' என்று அவர் சொல்லவில்லை. ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் கழன்றுகொள்ள முடியாது. நானாகத்தான்... நானாகத்தான் செய்தேன்.

சனிக்கிழமை காலையில் மற்றவர்களுக்கு முன்பே சகாயம் வந்துவிட்டான். அடுப்படியில் நின்று என்னோடு இறால் உரிக்க ஆரம்பித்தான். கடற்கரைக்காரன், கை அப்படி ஓடும்.

"அக்கா, ஒரு வேல வந்திருக்கு. கலிபோர்னியாவுல."

"யாரு தம்பி சொன்னா?"

"கேரல் தங்கச்சி வீட்டுக்காரரு. சம்பளத்தச் சொன்னாரு. நான் தப்பாக் கேட்டுட்டேனோன்னு மறுபடியும் சொல்லச் சொன்னேன்."

"அந்த ஊர்ல வாடகையே அவ்வளவையும் முழுங்கிரும்."

"விசாரிச்சிட்டேம்லா! வாடக போகவும் நிக்கிது. கோடைக்குள்ள செலினையும் பிள்ளையையும் கூப்பிட்டுரலாம்க்கா."

இறாலிலிருந்து கண் எடுக்காமல்தான் பேசினான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"பயம் ஒண்ணுதான். பேப்பரு. அண்ணன்ட்ட நேராக் கேட்டா நன்றி கெட்ட பயன்னு நெனைப்பாரு. உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க உள்ளதச் சொல்லுங்க, எனக்கு அது போதும்."

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். கழுவி முடித்த கையை மறுபடியும் கழுவினேன்.

"உன் பேப்பர் இந்த ஊருக்குன்னு போட்டது, சகாயம். நியூ ஜெர்சியில ஆள் இல்லன்னு சொல்லித்தான் போட்டிருக்கு. ஊரைத் தாண்டினா அது செல்லாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அப்ப... திருப்பி அனுப்பிருவாங்களாக்கா?"

கேட்டான். கேட்டுவிட்டான்! 'இல்லை' என்று ஒரு சொல். அதற்கு மூச்சுகூடத் தேவையில்லை. வக்கீல் சாப்பிட்ட தட்டு இருந்த அதே மேஜை அங்கே இருந்தது.

"பிள்ளைகுட்டிக்காரன் நீ. உனக்கு எதுக்குப்பா இந்த விஷப்பரீட்சையெல்லாம்?" என்றேன்.

அவன் மிச்ச இறாலையும் உரித்து முடித்தான். ஓட்டை அள்ளிக் குப்பையில் போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேள, உங்ககிட்ட கேட்டேன்" என்றான்.

நான் பொய் சொல்லவில்லை! சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை... எத்தனை வருஷம் இதையே சொல்லி என்னைத் தட்டித் தூங்க வைத்திருக்கிறேன்! ஆனால் அவன் கேட்டது 'உள்ளது.' நான் கொடுத்தது பாதி. அந்த மீதிப் பாதியில்தான் அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் இருந்தார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். வீட்டுக் கடனா? ஆமாம். புருஷன் முகம் வாடியதா? ஆமாம். அதோடு இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. எனக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் அவன் இல்லாமல் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாசம்தான், ஐயோ, அதுவும் பாசம்தான்! ஒருவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற பாசத்தில் எது பாசம், எது பிடி?

திங்கட்கிழமை அவன் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கேரலுக்குக் கோபமான கோபம். அவளும் அதே வருஷம் வேறு வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். உடனே சம்பளத்தைக் கூட்டி உட்கார வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே அதை அதிசயமாகச் சொன்னார். "அவங்க கால் அவங்ககிட்ட இருக்கு கிரேஸ். நம்ம பசங்க கால் நம்ம கையில இருக்கு." காண்ட்ராக்ட் நீட்டித்த சந்தோஷத்தில் சொன்னார். மனிதர் வாயிலிருந்து விழும் வார்த்தைகளைப் பொறுக்குகிறவள் நான். அந்த வார்த்தையை மட்டும் பொறுக்காமல் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு கேசட்டுகள்.

கடிதத்தில் குழந்தை பேச முடியுமா? செலின் பேச்சைப் பதிவு செய்து கேசட் அனுப்புவாள். யாராவது ஊரிலிருந்து வந்தால் கொடுத்து விடுவாள். என் வீட்டில்தான் டேப் ரிகார்டர். சகாயம் தரையில் உட்கார்ந்து, காதை அதன் வாயில் வைத்த மாதிரி கேட்பான். முதலில் வெறும் 'ம்மா... ம்மா...' அடுத்ததில் 'தண்ணி தா.' அதற்கடுத்ததில் ஒரு பாட்டு முழுவதும்! பின்னால் கோழி கத்தும். செலின் அதட்டுவாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அவன் பின்னுக்குச் சுற்றி மறுபடி போடுவான்.

பதிலும் இங்கிருந்துதான் பேசி அனுப்புவோம். மைக்கைக் கண்டால் சகாயத்துக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு வாயாடி! "நான் நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா? பாப்பா சாப்பிட்டாளா?" அவ்வளவுதான். கேசட்டில் இடம் மீதி இருக்கும். "அக்கா, நீங்க ஏதாவது பேசுங்க" என்று என் கையில் கொடுத்துவிடுவான். எனக்குச் சொல்லியா தர வேண்டும்? அணில் வந்து ஜன்னலில் தட்டியது, பனியில் மாமா வழுக்கி விழுந்தது, அப்பா தோசை சுட்டு அது பஸ் டயர் மாதிரி வந்தது... கதை கதையாக அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுத்தல் தாங்காமல் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். "அவன் சம்பளத்தக் கூட்டுங்க. எனக்காகக் கூட்டுங்க." சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், சமைக்காமல்கூட இருந்தேன். கடைசியில் கூட்டினார். அப்போதும் கேரல் வாங்கியதற்கு எட்டவில்லை, ஆனால் ஒற்றைப் பெட்ரூம் வீட்டுக்கு எட்டியது. சகாயம் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "என் கூடப்பிறந்தவ செய்ய மாட்டா இத" என்றான்.

பரிகாரம் செய்யப் போய் அவன் நன்றியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்! இப்படியும் உண்டா?

எண்பத்து ஏழு கோடையில் செலினும் ஆக்னஸும் வந்தார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டிப் போனேன். சகாயம் தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு கரடி பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். கதவு திறக்கும்போதெல்லாம் ஓர் அடி முன்னால் வைப்பான், பின்னால் எடுப்பான்.

வந்தார்கள். செலின் மெலிந்திருந்தாள். குழந்தைக்கு இரட்டைச் சடை, தூக்கம் கெட்ட கண். சகாயம் அதற்கு எதிரே தரையில் மண்டி போட்டான்.

"யாருன்னு சொல்லு பாப்போம்? தினமும் போட்டோவுல காட்டுவேம்லா?" என்றாள் செலின்.

பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தது. "அங்கிள்" என்றது.

சுற்றி நின்ற யாரோ சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் சகாயம்தான். கரடியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏ ஆக்னஸ் குட்டி, அப்பா பாரும்மா..." என்று வாயைத் திறந்தேன்.

திறந்திருக்கக் கூடாது.

என் குரலைக் கேட்டதும் பிள்ளை சட்டென்று திரும்பியது. கண் விரிந்தது. "கேசட் அத்தை!" என்று ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டது. "அணில் எங்க?"

நான் தூக்கிக்கொண்டேன். வேறென்ன செய்வேன்? கழுத்தைக் கட்டிக்கொண்டது. தோளுக்கு மேலாக சகாயம் மண்டி போட்டபடியே எங்களைப் பார்ப்பது தெரிந்தது.

பிறகு ஒருநாள் செலின் என் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "அந்தக் கலிபோர்னியா வேலய விட்டுட்டார்னு கேட்டப்ப எனக்கு வெறியே வந்துட்டுக்கா. என்ன மனுசன்னு ரெண்டு மாசம் பேசாம இருந்தேன். பொறவுதான் விவரஞ்சொன்னாங்க. நீங்க தடுக்கலன்னா திருப்பி அனுப்பியிருப்பாங்களாமே? பனிமய மாதா கோயில்ல உங்க பேருக்கு மெழுகுதிரி ஏத்துனேன்."

என் பெயருக்கு மெழுகுதிரி! இரண்டு மாதம் அவர்கள் பேசாமல் இருந்ததும் என் கணக்கில்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தேங்காய் போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

சகாயம் நல்ல தகப்பன். தெரிந்துகொள்ளுங்கள். சடை பின்னக் கற்றுக்கொண்டான். முதுகில் ஏற்றி யானை விளையாடினான். 'அங்கிள்' போய் 'அப்பா' வந்துவிட்டது, சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அது சொல்லிக் கொடுத்து வந்த சொல். விழுந்தால், பயந்தால், உடம்புக்கு முடியவில்லை என்றால் பிள்ளையின் கை தேடிப் போகிற திசை என்று ஒன்று இருக்கிறதே... அது முதல் வருஷங்களில் படிவது. அந்த வருஷங்களில் அவன் நியூவார்க்கில் இருந்தான், பாதிச் சம்பளத்துக்கு.

மறு குளிர்காலத்தில் ஒருநாள் பனி கொட்டியது. பள்ளிக்கூடம் இல்லை, ஆபீஸும் இல்லை. பகலில் சகாயம் போன் செய்தான். செலின் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், பனியில் அங்கே மாட்டிக்கொண்டாள். ஆக்னஸுக்குக் காய்ச்சல்.

"மருந்து குடிக்க மாட்டேங்காக்கா. ஒரு மணி நேரமா மல்லுக்கட்டுதேன். நான் பக்கத்துல போனாலே அழுதா. உங்களத்தான் கேக்கா... சங்கடப்படாம வர முடியுமா?"

போனேன். சகாயம் மருந்துக் கரண்டியோடு வாசலில் நின்றான். சட்டை முன்பக்கம் முழுக்க சிவப்பு மருந்து. அறைக்குள் கட்டிலருகே இருந்த நாற்காலியை எனக்காகத் துடைத்துவிட்டான்.

நான் உட்கார்ந்தேன். இரண்டு வார்த்தை பேசினேன். கரண்டியை நீட்டினேன். பிள்ளை வாயைத் திறந்து குடித்தது.

"பாத்தீங்களா! நீங்க குடுத்தா குடிச்சிட்டா" என்றான் சகாயம். அவன் முகத்தில் பொறாமை இருந்ததா என்று பார்த்தேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இல்லை. நிம்மதிதான் இருந்தது.

அப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "சகாயம், அந்தக் கலிபோர்னியா வேல..."

"அத எதுக்குக்கா இப்ப?" என்று குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு நீங்க மட்டும் உள்ளதச் சொல்லலன்னா நான் பெட்டியக் கட்டியிருப்பேன். பொறவு இவங்கள எங்க இங்க கொண்டு வர? எல்லாம் போயிருக்கும்."

அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கொதிக்கிற சின்னக் கை. உண்மையைச் சொன்னால் யாருக்கு நல்லது? அவனுக்கா? எனக்கா? அவன் நன்றி போய்விடும் என்று பயந்தேனா, இந்தக் கை போய்விடும் என்று பயந்தேனா? கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன்... ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமான பதில்தான் வருகிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை.

ஆக்னஸுக்குக் கண் சொருகியது. சகாயம் என் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டான். உதட்டில் விரலை வைத்து, பேச வேண்டாம் என்று ஜாடை காட்டினான். அவன் பிள்ளையின் அறையிலிருந்து, வந்த வீட்டில் தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று நினைக்கிற ஒரு விருந்தாளியைப் போல, பாதம் தரையில் பாவாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

நான் உள்ளே இருந்தேன்.